மாணவர்களும் ஜாகையும்

(கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வரும் மாணவர்களும் அவர்களது பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், மாணவர்கள் கல்லூரிக்கு வெளியில் ஜாகை பிடித்துக் கொள்ளுவதைப் பற்றியதாகும். இது ஒரு சொற்பொழிவுக்குரிய விஷயமா, வீட்டுத் தரகர்கள் பேச வேண்டிய காரியமல்லவா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பிள்ளை எந்தக் கல்லூரியில் சேருவது, என்ன பாடம் எடுப்பது என்பதற்கு நாம் ஆறு மாதம் யோசிக்கிறோம். நாலு பேரை விசாரிக்கிறோம். அந்தப் பிள்ளை கல்லூரியில் இருக்கப் போவது நாளைக்கு ஆறு மணி நேரம். பாக்கி நேரத்தில் பெரும்பாகமும் தூங்குவதும், குளிப்பதும், பாடம் படிப்பதும், காய்ச்சல் வந்தால் சுருண்டு கிடப்பதும் அந்த ஜாகையில்தான். அதற்கு நாம் யோசிப்பது அரை நாள். ரயிலை விட்டு இறங்கி, பெட்டியும் படுக்கையுமாய்த் தெருத்தெருவாய்ச் சுற்றி, பொழுது சாய்வதற்குள் அகப்பட்ட இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டுப் பிறகு மூன்று வருஷம் அவஸ்தைப்படுகிறார்கள்.

கல்லூரி விடுதியிலும் சர்க்கார் விடுதியிலும் எல்லாருக்கும் இடமிருந்தால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை. சர்க்கார் மாணவர் விடுதிகளுக்கு 2025-ல் "சமூகநீதி விடுதி" என்று பெயர் வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் பெயர் நீண்ட அளவுக்குக் கட்டடம் நீண்டுவிடவில்லையாதலால், வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளில் அநேகம் பேர் வெளியில்தான் இடம் தேடவேண்டியிருக்கிறது.

முதலாவதாக, நம் பெற்றோர்கள் எதைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள். தெற்குப் பார்த்த வீடு எமன் திசையாம், ஆகாதாம். தோழர்களே! தென்றல் என்கின்ற பெயரே தெற்கிலிருந்து வருவதனால் ஏற்பட்டதுதானே! சித்திரை, வைகாசியில் தெற்கு ஜன்னலுள்ள அறையில் படுத்தவன் கொஞ்சமாவது தூங்குவான். மேற்குச் சுவர் முழுதும் வெயிலில் காய்கிற மொட்டைமாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. எமன் எந்த அறையில் குடியிருக்கிறான் என்பதைச் சாஸ்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும்.

அடுத்தபடியாக மாதம் பார்க்கிறார்கள். கல்லூரியில் பிள்ளைகள் சேருகிற காலமும் ஆடி மாதமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து விடுகின்றன. ஆடியில் குடி போகக் கூடாதென்று நம்மவர்கள் காத்திருக்கிறார்கள். பிள்ளை அதுவரை யாரோ சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலோ, நாள் வாடகை லாட்ஜிலோ காசைக் கரைத்துக் கொண்டிருக்கிறான். ஆவணி பிறந்ததும் எல்லாரும் ஒரே முகூர்த்தத்தில் மூட்டையைத் தூக்குகிறார்கள். வாடகையும் ஏறுகிறது, வண்டிக்கூலியும் ஏறுகிறது. என்னைக் கேட்டால், பகுத்தறிவுள்ள ஏழைக்கு ஆடி மாதத்தைப்போல நல்ல மாதம் வேறில்லையென்றே சொல்லுவேன். வீடு காலியாய்க் கிடக்கும். வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கிப் பேசுவார். மற்றவர்களுடைய மூடநம்பிக்கையால் நமக்கு லாபம் கிடைப்பது எப்போதோ ஒரு தடவை, அதையும் விடுவானேன்?

சரி, பின்னே எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். தண்ணீரைப் பாருங்கள். 2019-ல் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டபோது, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற தெருக்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது சாப்பாட்டு விடுதிகள் நேரத்தைக் குறைத்தன. மாணவர் விடுதிகளில் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆகையால் "தண்ணீர் வருமா?" என்று மாத்திரம் கேட்காதீர்கள், "வரும்" என்றுதான் சொல்லுவார்கள். கிணற்று நீரா, குழாய் நீரா, உப்பா, தொட்டி எவ்வளவு, அந்தத் தொட்டியை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலை ஏழு மணிக்கு ஒரு தடவை அந்த இடத்துக்குப் போங்கள். குளிக்கும் அறைக்கு வெளியே எத்தனைபேர் துண்டோடு நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொரு தடவை போங்கள். பகலில் அமைதியாயிருந்த தெருவில் அப்போது என்ன சத்தம், விளக்கு உண்டா, பெண்பிள்ளை தனியாய் நடந்து வரத் தக்கதா என்பது தெரியும். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, அங்கே ஏற்கெனவே இருக்கிற மாணவரைத் தனியே கூப்பிட்டு டீக்கடையில் வைத்துக் கேட்பது நல்லது.

தண்ணீர் இல்லாத கஷ்டம் ஒரு பக்கமென்றால், தண்ணீர் வந்துவிடுகிற கஷ்டம் மற்றொரு பக்கம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளில் புகுந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கங்களில் ஜனங்கள் படகில் ஏறியதும் தெரிந்த சங்கதிகள். ஏரியாயும் சதுப்பு நிலமாயும் இருந்த இடத்தில் வீடு கட்டினால், மழை பெய்யும்போது தண்ணீர் தன் பழைய ஜாகையைத் தேடிக்கொண்டு வரத்தான் செய்யும். தரைத்தளத்து அறை வாடகை குறைவாயிருக்கிறதென்று எடுக்குமுன், சுவரில் இடுப்பளவுக்குக் கறை இருக்கிறதா, புதுச்சுண்ணாம்பு அந்த இடத்தில் மாத்திரம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்த மளிகைக் கடைக்காரருக்கு உங்களிடம் வாடகை வரவேண்டியதில்லையாகையால் அவர் உண்மையைச் சொல்லுவார்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1931-லேயே மின்சார ரயில் ஓடத்தொடங்கிய கடற்கரை - தாம்பரம் வழியை ஒட்டியிருக்கிறவர்களுக்கு மாணவர் சீசன் டிக்கட்டில் வந்துபோகும் சௌகரியமுண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கட் இல்லாமல் செய்திருப்பதால், மாணவிகளுக்குத் தூரம் பண விஷயத்தில் அவ்வளவு பெரிய தடையல்ல. ஆனால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று ஆனால், ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காகப் படிக்கிற நேரத்தை விற்றதாகும்.

இனிப் பண விஷயம். இதில்தான் கிராமத்துப் பெற்றோர்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்த ஊர் வழக்கமாயிருந்து வருகிறது. ஆடு விற்றும், நகையை அடகு வைத்தும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எதற்கு ரசீது என்று கேட்பதைக்கூட மரியாதைக் குறைவென்று எண்ணுகிறார்கள். போகும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, குழாய் உடைந்ததற்கு இவ்வளவு, ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று கழித்து, மீதியையும் "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டவன். பத்தாயிரத்துக்காக எத்தனை தடவை ரயில் ஏறுவான்? அது வீட்டுக்காரருக்கும் நன்றாய்த் தெரியும்.

தோழர்களே, இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள், வாடகைதாரர்கள் ஆகியவர்களுடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவதற்காகத் தமிழ்நாட்டில் 2017-ல் செய்யப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த சட்டம் அது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ள வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாதென்கிறது. ஆனால், "ஒப்பந்தத்தில் வேறுவிதமாய் இருந்தாலொழிய" என்று ஒரு சந்தும் அதிலேயே இருக்கிறது. ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போட்டால் சட்டம் கொடுத்ததைப் பேனா எடுத்துவிடும். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாதென்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. இது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

மின்சாரக் கணக்கும் ஒன்றிருக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குப் பணமில்லையென்று 2016-ல் ஏற்பாடு செய்தார்கள். இதன் பலன் விளக்குப் போடுகிறவனுக்குச் சேரவேண்டியதா, மீட்டர் பெட்டிக்குச் சொந்தக்காரனுக்குச் சேரவேண்டியதா? முதல் யூனிட்டிலிருந்தே இத்தனை ரூபாய் என்று மாணவர்களிடம் வசூலிக்கிற வீடுகள் அநேகம். தனி மீட்டர் உண்டா, சர்க்கார் ரசீதைக் காட்டுவீர்களா என்று அறை எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் சண்டைக்காரன் என்று பெயர் வரும். விடுதியில் தங்குகிறவர்களிடம் வரி என்று சேர்த்துக் கேட்டாலும் கணக்குக் கேளுங்கள். மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், 90 நாட்களுக்குக் குறையாமல் தொடர்ந்து தங்குகிற இடத்துக்கு ஜி.எஸ்.டி. வேண்டியதில்லையென்று அதன் கவுன்சில் 2024-ல் முடிவு செய்தாய்விட்டது.

நிற்க. இதுவரையில் சொன்னதெல்லாம் கதவு திறந்தபிறகு பார்க்க வேண்டியவைகள். கதவையே திறக்காதவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பேசியது வசதியுள்ளவர்களுக்கு மாத்திரம் செய்த உபதேசமாகிவிடும்.

வீட்டுக்காரர் மாணவனிடம் முதலில் என்ன கேட்கிறார்? என்ன படிக்கிறாய் என்பதா? இல்லை. பெயரைக் கேட்கிறார். பெயரில் மதம் தெரிந்துவிட்டால் அத்துடன் சரி. "நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்கிறார். பெயரில் தெரியாவிட்டால் ஊர் என்னவென்கிறார். ஊர் தெரிந்தபின் "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்கிறார். கடிதம் போடவா தெருப் பெயர் கேட்கிறார்? பிறகு, "சுத்த சைவமா?" என்கிறார். செல்போனில் வருகிற விளம்பரத்திலும் இதே கதைதான். "சைவம் மட்டும்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஜாதி என்ன என்று வாய்விட்டுக் கேட்பதற்கு இப்போது கொஞ்சம் வெட்கம் வந்திருக்கிறது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் சாவியைக் கொடுப்பதற்குத்தான் மனம் வருவதில்லை. கறி வாசனை ஆகாதென்றால், "இங்கே சமைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகலாமே! வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறவன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று விசாரிக்க வாடகை வாங்குகிறவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நூறு வருஷத்துக்கு முன் வெளியூர்ப் பார்ப்பனரல்லாத பிள்ளைகள் சென்னைக்குப் படிக்க வந்தால், பார்ப்பனர் நடத்திய சாப்பாட்டு விடுதிகளில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. தங்க இடம் கிடைக்காது. அதனாலேயே படிப்பை விட்டவர்கள் உண்டு. அதைக் கண்டுதான் டாக்டர் நடேச முதலியார் 1916-ல் திருவல்லிக்கேணியில் "திராவிடர் இல்லம்" என்று ஒரு மாணவர் ஜாகையை ஏற்படுத்தினார். பின்னால் 1947-ல் இந்திய சர்க்காரின் முதல் நிதி மந்திரியாய் வந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் அதில் தங்கிப் படித்தவர். இடம் கொடுத்தால் என்ன ஆவார்கள் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? 1924, 25-ல் சேர்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி, மற்றவர்களுக்கு வேறு பந்தி என்று வைத்ததன்மேல் நாடே இரண்டுபட்டதும், யோசித்துப் பார்த்தால், ஒரு மாணவர் விடுதிச் சண்டைதானே!

நமக்கும் கீழே தள்ளப்பட்டவர்கள் கதி இன்னும் மோசம். அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்க வந்தார். ஊரில் ஒருவரும் வீடு கொடுக்கவில்லை. ஒரு பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயர் எழுதிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிக்கம்புகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். நியூயார்க்கு நகரத்தில் கிடைத்த அறை, பிறந்த நாட்டில் கிடைக்கவில்லை. இன்றைக்கும் பெயரை மறைத்து, ஊரை மாற்றிச் சொல்லி அறை பிடிக்கிற பிள்ளை இருந்தால் அவனை நான் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொய்க்குச் சொந்தக்காரர் கேள்வி கேட்டவரேயொழியப் பதில் சொன்னவனல்ல.

சட்டமில்லையா என்றால், ஒருவர் ஒரு வீட்டில் குடியிருப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். ஆனால் "வேறொருவருக்குக் கொடுத்தாய்விட்டது" என்று சொல்லுகிறவரைக் கோர்ட்டில் எப்படி ருஜுப்படுத்துவது? ஆகவே சட்டத்தை மாத்திரம் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இப்போது, கேள்வி கேட்கப்பட்டதும் சுலபமாய் உள்ளே போய்விடுகிற பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள்தான் இதில் முக்கியமானவர்கள். பட்டணத்துக்கு வந்ததும் நீங்கள் முதலில் தேடுவது "நம்மவர் வீடு." அதனால் என்ன சௌகரியம் கண்டீர்கள்? நம்மவர் என்பதற்காக முன்பணத்தில் ஒரு மாதமாவது குறைத்தாரா? இல்லை. ஆனால் நம்மவர் என்பதனாலேயே அவரிடம் ரசீது கேட்க உங்களுக்கு வாய் வருகிறதில்லை. ஒப்பந்தம் கேட்கக் கூச்சம். குழாய் ரிப்பேருக்குச் சொல்லவும் தயக்கம். "மாமா" என்று கூப்பிட்டாய்விட்டதே! போதாததற்கு, பிள்ளை யாரோடு பேசினான், எத்தனை மணிக்கு வந்தான், எந்தத் தோழனை அறைக்கு அழைத்து வந்தான் என்று ஊருக்குச் செய்தி போய்க்கொண்டேயிருக்கும். காசு கொடுத்து அறையும் எடுத்து, அதனோடு ஒரு சி.ஐ.டி.யையும் சேர்த்து எடுத்துக்கொண்டதாக ஆகிறது. வாடகைக்காரன் என்றால் கணக்குக் கேட்கலாம். ஜாதிக்காரன் என்றால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

மாணவர்களே! மூன்று பேர், நாலு பேராய்ச் சேர்ந்துதான் இப்போது பெரும்பாலும் வீடு எடுக்கிறீர்கள். வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட்டு, "நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், அந்த மூன்றாவது பையன் வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்கிறீர்கள்? அநேகமாய் அந்த மூன்றாவது பையனே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "எனக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது, நீங்கள் போங்கள்" என்று ஒரு சாக்குச் சொல்லிவிடுகிறான். நீங்களும் அதை நம்பினதுபோல் இருந்துவிடுகிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று பேரும் ஒன்றாய்ப் படியிறங்குங்கள். காரணத்தையும் சொல்லிவிட்டு இறங்குங்கள். தனி ஆளாய் நிற்கிற அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தைரியமாயிரு என்று சொல்லுவது சுலபம். அவன் இன்று ராத்திரி எங்கேயாவது படுத்தாக வேண்டும். தைரியம் காட்ட வேண்டியவர்கள் கதவு திறந்தவர்கள். இரண்டு மாதம் அறை பூட்டிக்கிடந்தால் வீட்டுக்காரருக்கு ஜாதி வந்து வாடகை கொடுக்கப் போகிறதா? ஆடி மாதத்தில் இறங்கிப் பேசுகிறவர் இந்த விஷயத்திலும் இறங்கி வருவார்.

பெண்பிள்ளைகளைப் பற்றி. பையன்கள் தங்குகிற மேன்ஷனில் நடுராத்திரிக்கு வந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. பெண்கள் விடுதியில் எட்டரை, ஒன்பது மணிக்குப் பூட்டு. லைப்ரரி அதற்குப் பிறகும் திறந்திருக்கும், பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான், பரீட்சையும் ஒன்றுதான். டில்லி மாணவிகள் 2015-ல் "கூண்டை உடை" என்று இதன்மேல் ஒரு கிளர்ச்சியே செய்தார்கள். பாதுகாப்புக்காக என்று தாய்மார்கள் சொல்லுவீர்கள். பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் பூட்டு, பாதுகாப்பு ஆகிவிடாது. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடிகாலையில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் உண்டாயிற்று. ஆகையால் உங்கள் பெண்ணைச் சேர்க்கும்போது எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டுத் திருப்திப்படாமல், ராத்திரி சாவி யாரிடம் இருக்கும், வெளியேற இரண்டாவது வழி எங்கே, படிக்கட்டில் காஸ் சிலிண்டரும் மூட்டைகளும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் கலெக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 2014-ல் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்தைப் பார்த்து "நல்ல இடம்" என்று தீர்மானிக்கிறவர்கள் பக்கத்துச் சுவரில் இந்தக் காகிதம் மாட்டியிருக்கிறதா என்று தேடுவதில்லை.

நேரம் அதிகமாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் சொந்த வீடும், மாடியில் காலி அறையும் உள்ள தோழர்கள் ஐந்தாறுபேர் உட்கார்ந்திருப்பதாகத் தலைவரவர்கள் எனக்குச் சொன்னார். அவர்கள் போகுமுன் தங்கள் விலாசம், வாடகை, முன்பணம், தண்ணீர் விவரம் ஆகியவைகளை எழுதி இந்த மேஜைமேல் வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். காகிதம் இங்கேயே இருக்கிறது. யாருக்குக் கொடுப்பீர்கள் என்கிற பத்தியை நாங்கள் அதில் போடவில்லை. அறை தேவைப்படுகிற மாணவர்கள் ஏழு மணிக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.